வயசாயிடுச்சுல்ல!

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற வழியில், கள்ளக்குறிச்சியைத் தாண்டினால் தியாகதுருகம். மலைக்கோட்டையைப் பார்த்தபடி ஒரு டீக்கடை. பக்கத்தில் இருந்த பெரியவரிடம் வடையை நீட்டினேன். வேண்டாம் என்றார்.

''வயிறு சரியில்லீங்களா?''

''வெளிக்கிப் போனா ரத்தம் தம்பி, நாலு மாசமா. சூட்டு மூலமா இருக்கும். வயசாயிடுச்சுல்ல!''

''வீட்ல சொன்னீங்களா?''

''மருமவகிட்ட போயி இதையெல்லாம் சொல்லுவாங்களா?''

''உடம்பப் பாத்துக்கோங்கய்யா'' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். உளுந்தூர்பேட்டை வருவதற்குள் உறுத்த ஆரம்பித்துவிட்டது.

பெருங்குடலின் உள்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஜெராக்ஸை வைத்தே திரும்பத் திரும்ப ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குமே, அதுபோல வருஷக்கணக்கில் செல்களில் பிழைகள் சேர்கின்றன. குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் வயதோடு மாறுகின்றன. பிழையான செல்களைக் களையும் எதிர்ப்பு சக்தியும் தளர்கிறது. மரு போல ஒரு பாலிப் முளைக்கும். அது புற்றுநோயாக மாறப் பத்து வருஷம்கூட ஆகலாம். அதற்குள் கொலோனோஸ்கோப்பியில் பார்த்து எடுத்துவிட்டால் தொல்லை விட்டது.

ஆக, பெரியவர் சொன்னது நிஜம்தான். வயசுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. ஆனால், அதிலிருந்து அவர் வந்த முடிவைப் பாருங்கள். அமெரிக்காவில் 2021-ல், பரிசோதனையைத் தொடங்கும் வயதை 50-லிருந்து 45 ஆகக் குறைத்தார்கள். அங்கே வயது, டாக்டரைப் பார்க்கக் காரணம். இங்கே அதுவே பார்க்காமலிருக்கக் காரணம்!

இந்த நோய் மேலைநாடுகளைவிட நம்மிடம் குறைவு. ரத்தம் வந்தாலே புற்றுநோய் என்றும் இல்லை. பலருக்கு அது வெறும் மூலம்தான். ஆனால், அதைச் சொல்லவேண்டியவர் டாக்டர். 2022-ல் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாயிற்று. ஆஸ்பத்திரி கிட்டே வந்துவிட்டது, கூச்சம்தான் விலகவில்லை.

முதுமையை ஏற்றுக்கொள்வது பக்குவம். சரி, இன்னொருவருடைய முதுமையை அவருக்காக நாம் ஏற்றுக்கொள்வது? 'வயசானா அப்படித்தான்' என்று அப்பா சொன்னால் அது பொறுமை. அதையே மகன் சொன்னால், லீவு போட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்காமல் தப்பிக்க ஒரு வழி. டீக்கடையில் நான் செய்ததும் அதுதானே?

உங்கள் வீட்டுப் பெரியவர் தானாகச் சொல்லமாட்டார். இன்றைக்கு ராத்திரி, சாப்பாடு முடிந்ததும், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே கேளுங்கள்: ''வயிறு எப்படிப்பா இருக்கு?''

அவர் சிரித்து மழுப்புவார். இன்னொரு தடவை கேளுங்கள்.