சுவர்ப் பிளவும் வாசனாமலமும்

புதுமனை புகுந்த சின்னாளில் உட்சுவரிற் பிளவு தோன்றக் கண்டு கட்டினவனைப் பழித்தல் உலகியல்பு. பிளவு இருதிறத்தது. பூச்சினுள் நின்ற நீர் உலருங்கால் பூச்சுச் சுருங்குதலின் எழும் மயிரிழைப் பிளவு ஒன்று; அது பூச்சளவிற்றே; உலருமளவும் பொறுத்துச் செப்பனிட அமையும். களிநிலம் மாரியிற் பூரித்துக் கோடையிற் சுருங்குதலாற் கடைகால் ஒருபால் தாழ, செங்கல் வரிசையையும் ஊடறுத்துச் சாய்ந்தோடுவது மற்றொன்று; அதன்மேல் எத்துணைப் பூசினும் பயனின்று. இரண்டனுள் யாதென அறிவார், பிளவின் முனைகளிற் கோடிட்டு நாள் குறித்து, அது வளர்கின்றதோ என நோக்குவர்.

நிருவாண தீக்கை பெற்றான்மாட்டும் வெகுளி முதலியன தோன்றக் கண்டு, 'தீக்கை பயன்படாதாயிற்றோ?' என ஐயுறுவாருளர். அற்றன்று. சஞ்சிதம் கெடினும் பிராரத்தம் உடலுள்ளளவும் நின்று ஊட்டும். அதன்வழி வாசனாமலமும் தலைகாட்டும். சிவஞானபோதம் 12-ஆம் சூத்திரம் அடியாரிணக்கமும் ஆலய வழிபாடும் விதித்தது இதுபற்றியே.

ஆயினும், 'வாசனையே' என்றமைதல் எல்லார்க்கும் ஒவ்வுமோ? மாணாக்கரைச் சினந்தபொழுதெல்லாம் யானும் அங்ஙனமே கூறி அமைந்தேன். அச்சினம் ஆண்டுதோறும் தேய்ந்ததோ, வளர்ந்ததோ எனக் கோடிட்டு நோக்கிற்றிலேன். தேயுமாயின் அது வாசனை. வளருமாயின் கடைகாலையே நோக்கல் வேண்டும்; கடைகாலாவது திருவடிக்கண் அன்பு என்க.