ஏற்கப்படும் ஹஜ்ஜும் ஏட்டில் நிற்கும் பாக்கியும்

மினாவில் ஏழு கற்களை எறிந்து முடித்ததும் ஹாஜிகள் ஒரு துஆ கேட்கிறார்கள். இதை ஏற்கப்பட்ட ஹஜ்ஜாக ஆக்குவாயாக, பாவத்தை மன்னிப்பாயாக என்பது அதன் சாரம். இப்னு மஸ்ஊத் (ரலி) அந்த இடத்தில் இப்படிக் கேட்டதாக அறிவிப்பு உண்டு. இஹ்ராம் கட்டி, அரஃபாவில் நின்று, முஸ்தலிஃபாவில் இராத்தங்கி வந்தவர் இன்னும் எதற்காகக் கெஞ்ச வேண்டும்?

ஹஜ் நிறைவேறுவது ஒன்று, ஏற்கப்படுவது வேறு என்பதால்தான். ஹராமான பணத்தில் போனாலும் கடமை நீங்கிவிடும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபி, மாலிக்கி மத்ஹபுகளின் நிலை. ஆனால் அந்த ஹஜ் மப்ரூர், அதாவது ஏற்கப்பட்டது, ஆகாது என்று இமாம் நவவி (ரஹ்) எழுதுகிறார். கடனை அடைப்பதையும் அமானிதத்தைத் திருப்பித் தருவதையும் அநீதிக்கு ஈடு செய்வதையும் பயண ஒழுங்குகளின் தொடக்கத்திலேயே அவர் வைக்கிறார்.

மலேசியாவில் ஹஜ் பணத்தைப் பற்றிய கவலைக்கு ஒரு நிறுவனமே பிறந்தது. ஹஜ்ஜுக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டுத் திரும்பி வந்து வறுமையில் விழுந்த கிராமத்தவரைக் கண்டு, பேராசிரியர் உங்கு அப்துல் அஜீஸ் 1959-இல் ஒரு சேமிப்புத் திட்டத்தை முன்வைத்தார். வட்டி கலக்காமல் சேமிக்க 1963-இல் வழி பிறந்தது. அதுவே இன்றைய தாபோங் ஹாஜி. கணக்கில் போட்ட பிறகு பணத்தை அது பார்த்துக்கொள்கிறது. போடுவதற்கு முன் அந்தப் பணம் யாருடையது என்பதைப் போடுகிறவர்தான் பார்க்க வேண்டும்.

பேராக்கில் இருந்துகொண்டு இதை நினைக்கும்போது பால்மரக் காடுகள் கண்முன் வருகின்றன. ஈப்போவைச் சுற்றியிருந்த தோட்டங்களை அண்டிக் கடை வைத்துப் பிழைத்தவர்களில் தமிழ் முஸ்லிம்களும் உண்டு. சம்பளம் வரும்வரை அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் பற்று. கடையில் பெரிய ஏடு, தொழிலாளி கையில் சின்னப் புத்தகம். எழுத்து தெரியாத பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கடைக்காரர் எழுதியதே கணக்கு. கஷ்டகாலத்தில் பற்றைத் தள்ளிவிட்ட நல்லவர்கள் இருந்தார்கள். வாங்காததைக் கூட்டி எழுதியவர்களும் இருந்தார்கள். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயத்து மக்கள் பட்டணங்களுக்குச் சிதறினார்கள். கூட்டி எழுதிய பாக்கி அப்படியே நிற்கிறது.

இன்று அந்த லயத்துக்குப் பதிலாக உணவகத்தின் மேல்மாடி அறை இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் நள்ளிரவு தாண்டியும் ரொட்டி வீசுகிறார்கள், மேசை துடைக்கிறார்கள். மிகைநேரத்துக்குக் கூலி வராமல் நிற்பவர்கள் அவர்களில் உண்டு. அவர்களுடைய கடப்பிதழை முதலாளி பிடித்து வைப்பது நாட்டின் சட்டப்படியே குற்றம். மார்க்கப்படி அது அடுத்தவர் பொருள்.

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் உறவினர் வீடுகளுக்கும் ஜமாஅத்தாரிடமும் போய், “தெரிஞ்சும் தெரியாமலும் ஏதாச்சும் தப்பு நடந்திருந்தா மன்னிச்சு ஹலாலாக்கிடுங்க” என்று கேட்பது நம் வழக்கம். அருமையான வழக்கம். ஆனால் நாம் போகும் வீடுகள் பெரும்பாலும் நம்மை விருந்துக்கு அழைக்கும் வீடுகள். நம்மால் நட்டப்பட்டவன் அந்த வரிசையில் இருப்பதில்லை. இறைவழியில் உயிரையே கொடுத்தவருக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என்கிறது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ். அந்தக் கடனைக் கல்லெறிந்து தீர்த்துவிட முடியுமா?

ஆளைக் காணோம் என்பதும் சாக்கு ஆகாது. உரியவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். தேடியும் கிடைக்காவிட்டால் அவர் பெயரில் தர்மம் செய்ய வேண்டும் என்று அறிஞர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். சுங்கை சிப்புட்டிலோ செம்மோரிலோ விசாரித்தால் அந்தத் தோட்டங்களில் இருந்தவர்களின் பிள்ளைகளைத் தெரிந்த ஒருவராவது கிடைப்பார்.

அவகாசமும் இருக்கிறது. மலேசியாவுக்கு ஆண்டுக்கு 31,600 இடங்கள்தான். 1,300 ரிங்கிட் கட்டிப் பதிந்தவர்களின் வரிசையோ நூறாண்டைத் தாண்டி நீள்கிறது. பதிந்தவர்களில் பலருக்கு இந்த ஆயுளில் அழைப்பு வராது. அவர்களுடைய நிய்யத்தை அல்லாஹ் அறிவான். தொழிலாளியின் கூலியும் கடப்பிதழும் மட்டும் நம் கைக்குள் இருக்கின்றன. அழைப்புக் கடிதம் வரட்டும் என்று அவை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாதமே கொடுத்துவிடலாம். கொடுத்துவிட்டு மப்ரூரான ஹஜ்ஜைக் கேட்போம், மினாவில் நின்றாலும் ஈப்போவில் இருந்தாலும்.