புல்லுக்குக் கீழே ஓர் ஊர்

இங்கிலாந்தின் தெற்கே, டார்செட்டில், மில்டன் ஆபஸ் என்றொரு கிராமம் இருக்கிறது. சரிவில் இறங்கும் ஒரே தெரு. இரண்டு பக்கமும் வெள்ளையடித்த, கூரை வேய்ந்த வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. எல்லாரையும் போல நானும் ஃபோனை எடுத்துப் படம் பிடித்தேன். "பேசாம இங்கேயே இருந்துடலாம்டா" என்று கூட வந்த நண்பனிடம் சொன்னேன். இந்தத் தெரு ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

பக்கத்தில், நடந்து போகிற தூரத்தில், பத்தாம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட மடாலயம். அதைச் சுற்றி ஒரு காலத்தில் மிடில்டன் என்ற சந்தை ஊர் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள், பள்ளிக்கூடம், சத்திரங்கள், கடைகள். 1752-இல் அந்த எஸ்டேட்டை ஜோசப் டேமர் வாங்கினார். பிறகு மில்டன் பிரபு ஆனவர். அவருடைய மாளிகையின் வாசலிலேயே ஊர் இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

தோட்டம் அமைக்க வந்தவர் கேப்பபிலிட்டி பிரவுன். பாத்தி, மதில் எதுவும் இல்லாமல், வீட்டு வாசல்வரை புல்வெளி. நடுவே ஏரி, அங்கங்கே மரக்கூட்டம். இயற்கையே இப்படி அமைந்தது போல இருக்க வேண்டும். மாடுகளைத் தடுக்க வேலி போட்டால் பார்வைக்கு இடைஞ்சல் என்று, தடுப்புச் சுவரைப் பள்ளத்துக்குள் இறக்கிக் கட்டிய காலம் அது. சுவரையே ஒளித்தவர்களுக்கு ஓர் ஊர் எம்மாத்திரம்?

குத்தகைகளை வாங்கியும், முடியும்வரை காத்திருந்தும், பிரபு வீடுகளை ஒவ்வொன்றாக இடித்தார். 1780 வாக்கில், மாளிகையிலிருந்து கண்ணில் படாத பள்ளத்தாக்கில் புதுக் கிராமம் எழுந்தது. நான் படம் பிடித்தது அதைத்தான்.

வில்லியம் ஹாரிசன் என்ற வழக்கறிஞர் மட்டும் தன் குத்தகையை விற்க மறுத்தார். பிரபு குளத்து மதகைத் திறந்துவிட்டு அவர் வீட்டுக்குள் தண்ணீரை விட்டார். ஹாரிசன் வழக்குப் போட்டு ஜெயித்தார். ஆனாலும் ஊர் மிஞ்சவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நண்பனிடம் சொன்னபோது அவன் கேட்டான்: "புது வீடு கட்டிக் கொடுத்திருக்காருல்ல? அப்புறம் என்ன?"

நியாயமான கேள்வி. வெளியிலிருந்து ஒரே வீடாகத் தெரியும் ஒவ்வொன்றும் உள்ளே இரண்டு குடும்பங்களுக்கானது என்று பதில் சொல்லலாம். ஆனால் அது முழுப் பதில் இல்லை. ஆளுக்கொரு மாளிகையே கொடுத்திருந்தாலும் கேள்வி தீராது. 'முடியாது' என்று சொல்கிற உரிமை யாருக்கு இருந்தது? குத்தகை கையில் இருந்த, சட்டம் தெரிந்த ஒருவருக்கு. அவர் சொன்னதற்குப் பதில் வெள்ளம். மற்றவர்களிடம் யாரும் கேட்டதாகவே தெரியவில்லை. கேட்காமல் கொடுக்கப்படும் நல்ல வீடும் ஒருவகையில் வெளியேற்றம்தான்.

பிரபுவைக் கொடூரன் என்று முடித்துவிட்டால் எனக்கு வசதி. ஆனால் மடாலயக் கோயிலில் அவர் மனைவி கரோலினின் பளிங்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1775-இல் இறந்தவர். அதில் பிரபு முழங்கையை ஊன்றிச் சாய்ந்து, கண்மூடிய மனைவியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இழப்பு என்றால் என்னவென்று தெரியாத மனிதர் இல்லை. தன் இழப்பைக் கல்லில் செதுக்கி வைக்கத் தெரிந்தவருக்கு, ஒரு தெருவையே இழந்தவர்களின் துக்கம் தோன்றவில்லை. நம்மில் பலருடைய கருணையும் இப்படித்தான், கண்ணுக்கு எட்டும் தூரத்தோடு நின்றுவிடுகிறது. அந்தத் தூரத்தை அவர் காசு கொடுத்துச் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான்.

அப்படியென்றால் அந்தப் புல்வெளியை ரசிப்பது தப்பா? இரண்டு நூற்றாண்டு கழித்து நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதால் எந்த வீடும் எழுந்துவிடாது. அழகும் பொய்யில்லை. ஆனால் 'இயற்கையாகவே இப்படி' என்று நினைத்துக்கொண்டு ரசித்தால், பிரபு விரும்பியபடியே நானும் பார்க்கிறேன் என்று அர்த்தம். அங்கே புல் சில இடங்களில் மேடும் பள்ளமுமாக இருக்கும். பழைய ஊரின் தடம் அது. அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது மட்டும்தான் என்னால் முடிந்தது.

ஃபோனில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. யாராவது பார்த்து "என்ன அழகு!" என்றால், ஆமாம் என்கிறேன். பிறகு மிடில்டன் கதையையும் சொல்கிறேன்.