கண்ணாடிக் கல்லில் இல்லாத தண்டு

பௌர்ணமி ராத்திரி. கிரிவலக் கூட்டத்தின் சத்தம் மாடிவரை வருது. நான் கணினியில் லெகோ கோபுரம் கட்டிக்கொண்டிருக்கிறேன். துண்டுகள் எல்டிரா நூலகத்தில் இருந்து. 1995இல் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் தொடங்கியது, ஆர்வலர்கள் வரைந்து சேர்ப்பது.

இரண்டு குமிழ் வைத்த சாதாரணக் கல் 3004. அதன் அடியில், நடுவே, ஒரு தண்டு. கண்ணாடிக் கல்லில் அது கிடையாது. 3004க்கே கண்ணாடி நிறமான 47ஐக் கொடுத்தால் வேலை முடிஞ்சுது, யாரு பார்க்கப்போறா? ஆனாலும் 3065 என்று தனிக் கோப்பே வைத்திருக்கிறார்கள். இல்லாத ஒரு தண்டுக்காக.

கண்ணாடியில் மாட்டிக்கொள்வோம், சரி. ஒளி புகாத 3004இன் தண்டையும் வரைந்திருக்கிறார்களே, அது எந்தப் பயத்தில்? நான் அலுவலகத்தில் எழுதும் கோடின் அடியை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. போன வாரம் ஒரு டெஸ்ட்டை எழுதாமலே ‘முடிந்தது’ என்று போட்டேன்.

உச்சி விளக்குக்கு 3065ஐ எடுத்துவைத்தாச்சு. அந்தக் கோடை இன்னும் திறக்கவில்லை.