அரை நூல் இடைவெளி

பெங்களூரு சிவாஜிநகரில், 1927-இல் கட்டப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சந்துகளில் வீடுகள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கின்றன. அத்தகைய சிறு வீட்டில் துணிமணிகள், பத்திரங்கள், பிள்ளைகளின் புத்தகங்கள் ஆகியவற்றை ஒரு மூலையில் அடக்கிவிட, இழுப்பறைகள் கொண்ட ஒரு மர அலமாரி போதும். அதைத் தம் கையாலேயே செய்ய விரும்புபவர் பலகையை அளந்து, அறுத்து, இழைத்து முடித்தபின் ஒரு கேள்வியைச் சந்திக்கிறார்: இழுப்பறைக்கும் அது நுழையும் கூட்டுக்கும் இடையே எவ்வளவு இடம் விடுவது?

இது தச்சுவேலையின் கேள்வி. ஆழ்ந்து நோக்கினால் இல்லறத்தின் கேள்வியும் இதுவே.

வெட்டுண்ட பின்னும் மரம் தன் சுபாவத்தை விடுவதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் பருக்கிறது, வறண்டால் சுருங்குகிறது. நீளவாக்கில் இம்மாற்றம் மிகச் சொற்பம்; அகலவாக்கில்தான் அதிகம். மார்ச் மாத வறட்சியில் இடைவெளியின்றிப் பொருத்திய இழுப்பறை, செப்டம்பர் மழையில் இறுகிக்கொள்ளும். பலங்கொண்டு இழுத்தால் கைப்பிடிதான் கையோடு வரும்.

ஆகவே அனுபவமுள்ள தச்சர், வறண்ட நாளில் செய்யும் இழுப்பறைக்கு மேலே அரை நூல் இடம் விடுவார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அலமாரிக் கதவின் சட்டத்தை மூலைகளில் உறுதியாக இணைப்பார். நடுப்பலகையையோ சட்டத்தின் காடிக்குள் செருகுவதோடு நிறுத்திக்கொள்வார், பசையிட மாட்டார். பசையிட்டுப் பிணைத்த பலகை ஒரு கோடையில் பிளந்துவிடும் என்பதை அவர் அறிவார்.

பிள்ளைகளின் படிப்பு, உணவு, உறக்கம், நட்பு என அனைத்தையும் பசையிட்டு ஒட்டிவிடத் துடிக்கும் பெற்றோர் உண்டு. அன்பின் பெயராலேயே அதைச் செய்கின்றனர். புதிதாக வந்த மருமகளிடமும், முதுமையுற்ற பெற்றோரிடமும் நாம் சில வேளைகளில் அவ்வாறே நடக்கிறோம். விரிசல் கண்டபின், மரம் சரியில்லை என்கிறோம்.

'அப்படியானால் விட்டுக்கொடுப்பதே தர்மமா? ஒழுக்கம் தளர்ந்துவிடாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இடைவெளி மிகுந்த இழுப்பறையும் ஆடும், கோணும், பாதியில் சிக்கும். அளவறிந்து விடும் இடமே இடம்.

தச்சுவேலையும் இக்கேள்வியும் ஒருசேர நிகழ்ந்த இடம் ஒன்று உண்டு. 1910-இல் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்து, நண்பர் ஹெர்மன் காலன்பாக் வழங்கிய 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை நிறுவினார். அங்கு வாழ்ந்த சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. பெஞ்சு முதல் பெட்டி வரை வேண்டியவற்றைத் தாங்களே செய்துகொண்டனர்; மரவேலைக்குக் காலன்பாக் பொறுப்பேற்றார். மதுவும் புகையும் அங்கே அறவே விலக்கப்பட்டிருந்தன. அது சட்டம். ஆனால் புலால் உண்ணும் வழக்கமுள்ள கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் அங்கிருந்தனர். மரக்கறி உணவில் உறுதியான பற்றுடைய காந்தியடிகள், அவர்கள் கேட்டால் புலால் உணவும் வழங்குவதே தம் கடமை என்று முடிவுசெய்தார். பின்னர் அவர்களிடம் மனம்விட்டுப் பேசினார். அவர்களோ தாமாகவே மரக்கறி உணவுக்கு இசைந்தனர்.

இங்குதான் மனிதன் மரத்தினின்று வேறுபடுகிறான். மரத்துக்கு இடம் விடுவது அது பிளவாதிருக்க. மனிதனுக்கு இடம் விடுவது அவன் தானே தேர்ந்து இசைவதற்காக. வற்புறுத்திப் பெற்ற ஒழுக்கம் காவல் உள்ளவரை நிற்கும். இசைந்து ஏற்ற ஒழுக்கம் காவல் நீங்கியபின்னும் நிற்கும்.

நம் இல்லத்தில் நாம் வற்புறுத்துபவற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். உண்மை, நேர்மை, பிறர்க்குத் தீங்கு செய்யாமை ஆகியவை சட்டத்தின் மூலைகள். அவற்றில் தளர்வு கூடாது. எந்தப் பாடத்தை விரும்பிப் படிப்பது, எந்த வேளையில் தனித்திருப்பது என்பன போன்றவை நடுப்பலகைகள். இவற்றைப் பிரித்தறிந்து, உரிய இடத்தில் அரை நூல் இடம் விடப் பழகுவோமாக.