ஏற்பியும் பக்குவமும்

திருவருள் எங்கும் நிறைந்திருக்கிறது, பக்குவமில்லாத ஆன்மாவுக்கே அது எட்டாமற்போகிறது என்று சைவ சித்தாந்திகள் கூறும் சமாதானத்தை நெடுங்காலம் முழுமனத்தோடு ஏற்றிருந்த எனக்கு, மால்டாத் தீவின் குழந்தைகள் சிலரைப் பற்றி 1996-ஆம் ஆண்டில் வெளிவந்த வைத்திய ஆராய்ச்சியைப் படித்த பின்னரே, அச்சமாதானத்தின் உள்ளே இன்னொரு வினா உறங்குவது புலனாயிற்று.

மண்ணிலும் நீரிலும் சர்வ சாதாரணமாக வாழ்வனவும், நம்மில் பெரும்பாலோரை ஒன்றும் செய்யாதனவுமான, காசநோய்க் கிருமிக்கு உறவான கிருமிகள் அக்குழந்தைகளின் தேகமெங்கும் பரவிவிட்டன. இத்தகைய கிருமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ் என்னும் உயிரணு இன்டர்லூக்கின்-12 என்ற சைட்டோகைனைத் தூதாக விடுக்க, அத்தூதை ஏற்ற அணுக்கள் காமா இன்டர்ஃபெரானைச் சுரக்க, அது மீண்டு வந்து மேக்ரோஃபேஜின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் பொருந்திய பிறகே, விழுங்கியதைக் கொல்லும் வல்லமை அதற்கு நிறைவாகச் சித்திக்கிறது. அக்குழந்தைகளிடம் விழுங்கும் அணு இருந்தது; காமா இன்டர்ஃபெரான் என்ற தூதும் இருந்தது; மரபணுவில் ஓரெழுத்துப் பிறழ்ந்தமையால் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி மாத்திரம் இல்லை. இன்டர்லூக்கின்-12இன் ஏற்பி இல்லாதவர்களுக்கேனும் காமா இன்டர்ஃபெரானை ஊசி வழியே செலுத்திப் பயன் காணலாம். இவர்களுக்கோ அதுவும் வீண். ஏற்பாரின்றி அப்பொருள் இரத்தத்தில் ஏற்கெனவே மிகுந்து கிடக்கும்.

ஏற்பியின்மையை அக்குழந்தைகளின் குற்றமென்று எவரும் சொல்லார்; ஆன்மாவின் பக்குவமின்மையையோ நாம் குற்றமென்றே பேசிப் பழகிவிட்டோம். மூச்சுத் திணறும் மகவின் அருகே அமர்ந்திருக்கும் தாயிடம் முன்வினை என்று சொல்ல எனக்கு நா எழாது. அவ்வாறு சொல்வோரின் சாஸ்திர ஞானத்தையும் நான் மதிப்பதற்கில்லை. ஏனெனில், ஆன்மாவைப் பிணித்த மலம் பக்குவப்படுதலாகிய மலபரிபாகம் உண்டாவதே, மறைத்து நிற்கும் இறைவனது திரோதான சக்தியால்தான் என்று அதே சித்தாந்தம் கூறுகிறது. அருளைப் போலவே அருளை ஏற்கும் தகுதியும் அவன் தந்ததாயின், அத்தகுதி இன்னும் கிட்டாத உயிரை நோக்கி விரல் நீட்ட நமக்கு என்ன அதிகாரம் உண்டு?

ஏற்பி அறவே இல்லாதோருக்கு வைத்தியர் காட்டும் வழி ஒன்று உண்டு: பொருத்தமான இன்னொருவரின், பெரும்பாலும் உடன்பிறந்தாரின், எலும்பு மஜ்ஜையை எடுத்துச் செலுத்துதல். அபாயம் மிகுந்த அச்சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதில்லை. பலித்தவிடத்தில், தமையனின் மஜ்ஜையிலிருந்து பிறந்த அணுக்கள் தங்கையின் இரத்தத்தில் இறங்கி, அங்கே அதுகாறும் வீணே சஞ்சரித்துக்கொண்டிருந்த அந்தத் தூதை முதன்முதலாக ஏற்றுக்கொள்கின்றன.