தீப்பொறி அடங்கும்வரை

ஒரு மெஷின் வாங்குவதில் அறம் சார்ந்த கேள்வி ஏதாவது இருக்க முடியுமா? விலை, வேகம், துல்லியம், சர்வீஸ் என்று எக்செல்லில் நான்கு பத்திகள் போட்டு மார்க் கொடுத்தால் விடை வந்துவிடாதா? நானும் எஞ்சினியரிங் படித்தவன்தான். எக்செல் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நீளமான, கனமான ஷாப்ட்டுகளைச் சாணை பிடிக்கும் பெரிய சிஎன்சி கிரைண்டிங் மெஷினைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தால், அந்த நான்கில் அடங்காத ஐந்தாவது பத்தி ஒன்று தேவைப்படுகிறது.

வடசென்னைக்கு இது அன்னியமான விஷயம் இல்லை. காசிமேட்டு விசைப்படகின் புரொப்பல்லர் ஷாப்ட், துறைமுகக் கிரேனின் கியர்பாக்ஸ் ஷாப்ட், எண்ணூர் அசோக் லேலண்ட் எஞ்சினின் கிரேங்க் ஷாப்ட் என்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அந்தக் கடலோரமே சுழலும் இரும்பை நம்பிப் பிழைக்கிறது. சாணை பிடிக்கும் பொருளுக்கும் இங்கேயே ஊர் உண்டு. முருகப்பா குழுமம் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தோடும் கைகோத்து 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலின் ஆலை திருவொற்றியூரில்தான் இருக்கிறது.

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி ஒரு ஜாப் ஒர்க் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். முதலாளி பெரிய கிரைண்டிங் மெஷின் ஒன்று வாங்கப் பார்க்கிறார். அவர் மனதில் இருக்கும் ஷாப்ட் 4 மீட்டர் நீளம், 300 மில்லிமீட்டர் விட்டம். எடை ஏறக்குறைய 2.2 டன். இரண்டு முனையில் மட்டும் தாங்கி நிறுத்தினால், தன் எடையிலேயே அது நடுவில் சுமார் 0.22 மில்லிமீட்டர் தொய்யும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வரைபடம் அனுமதிக்கிற பிழை 0.02 மில்லிமீட்டர் என்றால், வீல் தொடும் முன்பே அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வளைவு மெஷினில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அதனால்தான் இடையிடையே ஸ்டெடி வைத்துத் தாங்க வேண்டும். ஷாப்ட்டைச் சுமந்துகொண்டு மேசை நகரும் வகை என்றால், பெட் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம் கேட்கும். வீல்ஹெட் நகரும் வகையில் ஷாப்ட் இருந்த இடத்திலேயே சுழலும். கனமான வேலைக்கு அதுதான் தோது, இடமும் மிச்சம். பிறகு ஃபவுண்டேஷன். கீழே கடற்கரை மணல், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். வெளியே இரவு பகலாகக் கன்டெய்னர் லாரிகள். அந்த அதிர்வை உள்ளே விடாத கான்கிரீட்டுக்குத் தனி பட்ஜெட் வேண்டும். வரைபடத்தில் போட்டிருக்கும் அளவு 20 டிகிரி வெப்பநிலைக்கு உரியது. திருவொற்றியூரில் மார்கழி விடியற்காலையில் மட்டும் 20 அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கும். இந்த ஷாப்ட்டின் விட்டம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 3.5 மைக்ரான் பெருக்கும். சாணை பிடித்த சூடு ஆறுவதற்குள் அளந்தால், மைக்ரோமீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது.

இவ்வளவையும் கேட்டால், இருப்பதிலேயே துல்லியமான மெஷினை வாங்குவதுதான் நேர்மை என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு விஷயத்திலும் அந்த விஷயம் எவ்வளவு துல்லியத்தை ஏற்குமோ அவ்வளவைத் தேடுவதுதான் பக்குவம் என்று அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் தொடக்கத்திலேயே சொல்கிறார். அவர் பேசியது நெறிகளைப் பற்றி. பட்டறைக்கும் அது பொருந்துகிறது. படகு ஷாப்ட்டுக்கும் காகித ஆலை ரோலருக்கும் ஒரே மைக்ரான் கணக்கு கிடையாது. தேவைக்கு மீறிய துல்லியத்தைக் கடனில் வாங்கினால் இஎம்ஐ கழுத்தை நெரிக்கும். மெஷின் ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்கக் கூடாது என்றாகும். அப்போது எதில் கை வைப்பார்கள்?

கிரைண்டிங்கில் ‘ஸ்பார்க் அவுட்’ என்று ஒரு கட்டம் உண்டு. அழுத்தம் கொடுத்து அரைக்கும்போது ஷாப்ட்டும் மெஷினும் ஒரு துளி வளைந்து கொடுக்கும். வீலை முன்னே தள்ளுவதை நிறுத்திய பின்னும் அந்த வளைவு மெல்ல நிமிரும். தீப்பொறி வந்துகொண்டே இருக்கும். அது அடங்கும்வரை காத்திருந்தால்தான் உருண்டையும் அளவும் நிலைக்கு வரும். வேடிக்கை பார்ப்பவருக்கு அந்த நேரத்தில் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். நாள் முழுக்கப் பத்து ஷாப்ட் ஓடினால், மிச்சம் பிடிக்கலாம் என்று முதலில் கண்ணில் படுவது இந்த நேரம்தான். விலை கூடிய மெஷின், வாங்கியவரின் அவசரத்தாலேயே மோசமான வேலையைக் கொடுக்கும்.

காத்திருப்பைக் குறைப்பது ஒரு ஆசை. வேகமாக அரைப்பது இன்னொன்று. கடினப்படுத்திய எஃகை அவசரமாக அரைத்தால் மேற்பரப்பு ‘பர்ன்’ ஆகும். கருகிய நிறத்தைக் கடைசிப் பாஸ் துடைத்துவிடலாம். அடியில் பாதிப்பு அப்படியே இருக்கும். ஷாப்ட் கண்ணாடி மாதிரி மின்னும், அளவு கச்சிதமாக வரும், இன்ஸ்பெக்‌ஷன் பாஸாகும். நைட்ரிக் அமிலக் கரைசல் போட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். போடாவிட்டால், விரிசல் தன் நேரத்துக்காகக் காத்திருக்கும்.

1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலில் எஞ்சினின் அச்சு முறிந்தது. தீப்பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அடுத்த வருடமே ராங்கின் என்கிற இளம் எஞ்சினியர், ரயில் அச்சுகள் திடீரென்று உடைவதில்லை, விட்டம் மாறும் மூலையில் தொடங்கும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வளர்கிறது என்று விளக்கினார். உலோகச் சோர்வு பற்றிய அறிவு இப்படிப்பட்ட சாவுகளிலிருந்துதான் வளர்ந்தது. அச்சைச் செய்தவரும் அதன் மேல் பயணம் போனவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

நான் சொல்லும் ஐந்தாவது பத்தி இதுதான்: தவறு நடந்தால் முதலில் யாருக்குத் தெரியும்? மெஷினுக்கே தெரிந்தால் சில நிமிடங்கள் நஷ்டம். ஆபரேட்டருக்குத் தெரிந்தால் ஒரு ஷாப்ட் நஷ்டம். வாடிக்கையாளருக்குத் தெரிந்தால் பேர் போகும். யாருக்குமே தெரியாமல் கிரேனுக்குக் கீழே நிற்கும் துறைமுகத் தொழிலாளிக்கு முதலில் தெரிந்தால், அதை நஷ்டம் என்ற சொல்லால் சொல்ல முடியாது. கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அரைக்கும்போதே விட்டத்தை அளக்கும் கேஜ், வீல் தொடும் ஒலியைக் கேட்கும் சென்சார், வீல் பேலன்சர் எல்லாம் ‘ஆப்ஷன்’ என்ற தலைப்பில் வரும். பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவதும் அவைதான். மெஷினின் கண்ணையும் காதையும் கழற்றிவிட்டுக் கையை மட்டும் வாங்குகிறோம்.

“சிஎன்சி வந்துட்டா ஆளை நம்ப வேணாம் சார், எல்லாம் புரோகிராம் பாத்துக்கும்” என்று ஒரு பேச்சு உண்டு. பழைய கைகளுக்காக ஏங்கி நான் இதை மறுக்கவில்லை. சார்லஸ் நார்ட்டன் அமெரிக்காவில் 1900-ல் கனரக கிரைண்டிங் மெஷினைக் கொண்டுவந்தார். சில வருடங்களில், அரம் போட்டு பாலிஷ் செய்து முடிக்க 5 மணி நேரம் ஆன கிரேங்க் ஷாப்ட் வேலையை அவருடைய மெஷின் 15 நிமிடத்தில் முடித்தது. அது இல்லாமல் சாமானியனுக்கு கார் வந்திருக்காது. நல்லதுதான். ஆனால் கை வேலையில், எப்போது நிறுத்துவது என்கிற முடிவு ஒவ்வொரு ஷாப்ட்டுக்கும் ஒருமுறை எடுக்கப்பட்டது. வீலின் சத்தம் மாறினால் ஆபரேட்டர் நின்று பார்ப்பார். சிஎன்சியில் ஸ்பார்க் அவுட் ஒரு எண். அதை 8 நொடியிலிருந்து 3 நொடியாக மாற்றுபவர் மெஷின் பக்கத்தில்கூட இருக்க வேண்டியதில்லை. மாற்றியது அதற்குப் பிறகு வரும் எல்லா ஷாப்ட்டுக்கும் போய்ச் சேரும். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவனுக்கு இது நன்றாகத் தெரிந்த கதை. டிஃபால்ட் மதிப்பு ஒன்றைப் போடும்போது யாரும் அறத்தைப் பற்றி யோசிப்பதில்லை. பிறகு அதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை.

சின்ன பட்டறைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா? “பார்ட்டி குடுக்கிற ரேட்டுக்கு ஆசிட் டெஸ்ட் வேற பண்ணச் சொல்றியா தம்பி?” என்று அந்த முதலாளி கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. வாடிக்கையாளரும் பங்கு தர வேண்டிய செலவு அது. தராவிட்டால் என்ன செய்வது? என் பதில் அவருக்குப் பிடிக்காமல் போகலாம். ஒரு சைஸ் சின்ன மெஷினை எடுங்கள். மிச்சக் காசில் கேஜும் ஃபவுண்டேஷனும் போடுங்கள். ஆபரேட்டருக்கு “இந்த ஜாப்பை நிறுத்துறேன்ணே” என்று சொல்லும் உரிமையைக் கொடுங்கள். நாலு மீட்டர் ஷாப்ட் வந்தால், “நம்மால முடியாது சார்” என்று திருப்பி அனுப்புங்கள். அந்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குத்தான் போகும், அவர் எந்த எண்ணைக் குறைப்பாரோ தெரியாது. அப்படிப் போனாலும், இந்தப் பட்டறையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு ஷாப்ட்டிலும் தீப்பொறி அடங்கும்வரை ஒருவர் காத்திருந்திருப்பார்.